அடிமையின் குழியில் எசமானி

ஓனொரின் மில்லோகோ பெரிய தைரியசாலி என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவளைக் கேட்டால் இல்லை என்பாள். கோழி சிறகடித்தாலே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறவள் அவள்.

சோளக் கள் காய்ச்சி விற்பது தொழில்; ஞாயிறு தவறாமல் பூசை. பால்காரன் பூரேமாவோ ஐந்து வேளையும் தொழுகிறவன், கள் வாடைக்கு மூக்கைப் பொத்துகிறவன். இவர்களுக்கு நடுவே இருந்ததெல்லாம் வசவுதான். அவள் போபோ, அவன் ஃபுலானி. இரண்டு சனத்துக்கும் கேலி முறை. ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிடலாம், வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்; கை மட்டும் ஓங்கக் கூடாது. சாவிலும் இந்த முறை விடாது. முறைக்காரர் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு அடம்பிடிப்பார். பாக்குபோல் மெல்லும் கோலாக் கொட்டை கொடுத்து எழுப்பிய பிறகுதான் பிணம் இறங்கும்.

"நாய்தின்னி, இன்னும் சாகலையா?" பால்குடுவையோடு காலையில் வந்து நிற்பான் பூரேமா.

"என் அடிமையப் பொதைக்காம நான் எங்கடா சாவுறது? திருட்டு மாட்டுப் பால அப்படி வெச்சிட்டுப் போ."

பிறகு காட்டில் துப்பாக்கிக்காரர்கள் பெருகினார்கள். அவர்களில் சிலர் ஃபுலானி. ஆகவே ஊரிலிருந்த ஃபுலானிகள் அத்தனை பேரும் அவர்கள் ஆளாகிப் போனார்கள். லாசினா சானுவின் தலைமையில் ஊர்க்காவல் படை கிளம்பியது. பூரேமாவின் மகன்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். மாடுகளை விட்டுப் போக மனமில்லாமல் அவன் தங்கினான். கடைசியில் அவனைக் கொன்றது துப்பாக்கி அல்ல, காய்ச்சல்.

"இந்த ஊர் மண்ணுல ஃபுலானிப் பொணம் விழக்கூடாது. காட்டுல போடுங்க," என்றான் லாசினா. பூரேமாவோடு ஒரே வரிசையில் நின்று தொழுதவன் அவன். இமாம் வயிற்றுக்கோளாறு என்று கதவைச் சாத்திக்கொண்டார். செபம் பண்ணம்மா என்று ஓனொரினிடம் சொன்னார் பாதிரியார். அதை அவள் முன்பே செய்துகொண்டுதான் இருந்தாள்.

உச்சிவெயிலில், பாயில் சுற்றிய புருஷனைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, இடுகாட்டில் தனியாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள் பூரேமாவின் மனைவி பெண்டா. தண்ணீர் கொடுக்க வந்த ஓனொரின், பார்க்கச் சகிக்காமல் மண்வெட்டியை வாங்கினாள். குழி இடுப்பளவு ஆனபோது மோட்டார் சைக்கிள் சத்தம். பெண்டா பிணத்தின்மேல் கவிழ்ந்தாள். ஓனொரின் ஒளிய இடம் தேடினாள். பொட்டல்காடு. குழி ஒன்றுதான் மறைவு. படுத்துவிட்டாள்.

மேலே ஒரு துண்டு வானம். அதில் துப்பாக்கிக் குழல் ஒன்று நீண்டது. பின்னாலேயே லாசினாவின் குரல்.

"அத்தையா உள்ள? எந்திரி. இல்ல, உன்மேலயே மண்ணத் தள்ளிருவோம்."

எழத்தான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் திறந்தது.

"மாட்டேன்டா. இது என் அடிமை குழி. கோலா குடு, எந்திரிக்கிறேன்."

"வெளையாடாத அத்தை."

"வெளையாட்டுதான்டா! நீயும் போபோதான? உனக்கும் அடிமைதான் அவன். அடிமைய நரிக்குப் போட்டுட்டு உன் தாத்தன் மூஞ்சியில எப்படிடா முழிப்ப? வேணும்னா என்னயும் சுட்டு இதுலயே போடு. என் கள் வாடைக்கு அவனே எந்திரிச்சு ஓடிருவான்."

மேலே யாரோ சிரித்து, பாதியில் விழுங்கிக்கொண்டார்கள். துப்பாக்கியில் ஏதோ 'களுக்' என்றது. கண்ணை இறுக மூடினாள். அவள் வயிற்றில் எதுவோ விழ, குண்டுதான் என்று அலறினாள்.

கடித்து மிச்சமான அரைக் கோலாக் கொட்டை.

லாசினா கை நீட்டித் தூக்கிவிட்டான். அவள் இடுப்புத் துணி நனைந்திருந்ததைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சீக்கிரம் மூடுங்க. நாங்க எதையும் பாக்கல," என்றான். பார்க்காதவன் குழியோரம் கொஞ்சநேரம் நின்றான். உதடு அசைந்தது. பிறகு வண்டிகள் போய்விட்டன.

பெண்டா மறுநாளே மாடுகளோடு எல்லைப் பக்கம் நடந்தாள். ஓனொரினைத் திட்ட இப்போது ஊரில் ஒரு ஃபுலானியும் இல்லை. பால் வரும் வேளையில் மோட்டார் சைக்கிள்தான் வருகிறது. லாசினா மரியாதையாக, "நல்லாருக்கியா அத்தை?" என்கிறான். நல்லாயிருக்கேன்பா என்கிறாள். அவளைத் தூக்கிவிட்ட அந்தக் கை துப்பாக்கியின்மேல் இருக்கிறது. பக்கத்தில் படுத்துக்கொள்ளக் குழி எதுவும் உண்டா என்று அவள் கண் தேடுகிறது.