பாஞ்சாலையைக் கூப்பிட்ட நாள்

என் வீட்டுக்காரர் முருகையனுக்கு எங்கள் மீனவக் குப்பத்தில் ஒரே ஒரு அதிகாரம்தான். ஊர்க்கூட்டம் என்றால் வாசல் வாசலாக நின்று ஆம்பளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட அத்தனை பேரும் வந்து உட்காராமல் குப்பத்துத் தலைவரான நாட்டார் கூட்டத்தைத் தொடங்கக் கூடாது. அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. ஆம்பளை இல்லாத வீட்டு வாசலில் அவர் நிற்க மாட்டார்.

பாஞ்சாலை வீடு அப்படிப்பட்டது. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரி இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள். எழுபத்திரண்டாம் வருஷம் அவள் குடிசையைப் பிரித்துவிட்டு அங்கே மீன் ஏலக் கொட்டகை போடலாம் என்று நாட்டார் பேச்செடுத்தார். பாஞ்சாலை பஞ்சாயத்துத் தலைவரிடம் ஓடினாள். அவருக்கு ஓட்டுப் போட்டவள் ஆயிற்றே! "குப்பத்து மண்ணு நாட்டார் சமாச்சாரம்மா, நான் தலையிட முடியாது" என்று அவர் கையை விரித்துவிட்டார். அப்புறம் எதற்கு அவள் விரலில் மை வைத்தார்களாம்?

கூட்டத்தன்று என் வீட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை. "அவள ஒரு வார்த்த கேக்காமலே வீட்டப் பிரிச்சுடுவாங்க" என்றார்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு? கூப்புட்டமா வந்தமான்னு இருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

மனுஷன் கேட்டால்தானே? சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு, கடைசியாகப் பாஞ்சாலை வாசலில் போய் நின்றார். "பாஞ்சாலை! கூட்டத்துக்கு வா!" தெருவே திரும்பிப் பார்த்தது.

இனி அவள் வராமல் கூட்டம் கிடையாது. உப்பு தின்று வெடித்த காலோடு வந்து மணலில் உட்கார்ந்தாள்.

"எவன்டா பொம்பளையக் கூப்புட்டது?" நாட்டார் கத்தினார்.

"நான்தாங்க" என்றார் இவர்.

பாஞ்சாலை எழுந்தாள். "ரெண்டு பொண்ண வச்சிக்கினு எங்க போறது? நீங்களே ஒரு எடம் காட்டுங்க, போயிடறேன்."

யாரும் காட்டவில்லை. "சரி, கொட்டகைய வடக்கால போட்டுக்கலாம்" என்றார் நாட்டார் கடைசியில். அதே மூச்சில், ஊரைக் கூப்பிடும் வேலையை எங்கள் தெரு மாயவனுக்கு மாற்றிவிட்டார்.

ஒரு மாதம் இவர் பேயறைந்த மாதிரி கிடந்தார். நான் நாட்டாரைத் திட்டாத நாளில்லை. அடுத்த கூட்டத்தன்று மாயவன் எங்கள் வாசலில் வந்து நின்று, "முருகையன்! கூட்டத்துக்கு வா!" என்றான். இருபது வருஷமாக ஊரைக் கூப்பிட்டவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிறவன் கூட்டத்தில் ஓரமாக நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது; கூப்பிட்டு வந்தவன்தான் உட்கார்ந்து பேசலாம். இவர் பதறிப்போய்ச் சட்டையைத் தேடினார். நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

போய் உட்கார்ந்ததும் முதல் பேச்சாகக் கேட்டாராம்: "பாஞ்சாலைய இன்னும் கூப்புடலியே?"