ஒரே வெடியில் வெளியே வந்துவிட்டோம்

நானும் மனைவியும் நாரணாபுரத்தில் பட்டாசு ஆலைத் தொழிலாளர்கள். ரேடியோவில் கேட்டுப் பழகிய பாடகியை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சென்னையில் இருக்கும் மகள், உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்த கச்சேரிக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் வாங்கித் தந்தாள்.

பாடகி மேடையேறும் நேரத்தில், அவரை வரவேற்க மேடையிலேயே படீரென்று வாணம் வெடித்தது. கூரைக்குள் வெடிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடுவது எங்கள் ஆலைப் பழக்கம். மனைவியை இழுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டேன். வெளியே வந்துவிட்டால் டிக்கெட் செல்லாது என்று வாசலில் நின்றவர்கள் மறுபடி உள்ளே விட மறுத்தார்கள். கெஞ்ச எனக்குக் கூச்சம்.

"இதென்ன நம்ம கம்பெனியா, இப்படி இழுத்துட்டு ஓடியாந்தீக? அவுக மொகத்தக்கூடப் பாக்கலியே!" என்றாள். சுவரோரம் நின்றே பாட்டுக் கேட்டோம்.

இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும், உள்ளே வெடி உண்டா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அந்தப் பாடகி மறுபடி வருவதற்காகத்தான் இருவரும் காத்திருக்கிறோம்.