பதில் சொல்லிவிட்டு ஓடியவர்

எங்கள் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியவர். ஒட்டிய கன்னம், முழங்கால் வரை தொங்கும் காக்கி டவுசர். வழியில் யார் பேசினாலும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஓடுவார்.

மூத்தோர் பந்தயத்தன்று எல்லோருக்கும் முன்னால் அவர்தான். தண்ணீரோடு நான் சைக்கிளில் கூடவே போனேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், டீக்கடையில் நின்ற பெரியவர் ஒருவர், "ஏனுங்க, இத்தன அவசரமா எங்க போறீங்க?" என்றார்.

இவர் நின்றுவிட்டார். "பந்தயமுங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

அதற்குள் இரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

"ஓடிக்கிட்டே சொல்லக் கூடாதுங்களா?" என்று கத்தினேன்.

"கேக்கறவருக்கு முதுகக் காட்டறதுங்களா?" என்றார்.

திரும்பும்போது என் சைக்கிள் காரியரில் உட்கார்ந்து வந்தார். அதே பெரியவர், "செயிச்சீங்களா?" என்று கேட்டார். நான் வேகமாக மிதித்தேன்.

"நிறுத்துங்க, கேக்கறாருல்ல!" என்று குதித்து, அவரை நோக்கி ஓடினார். அந்த ஓட்டத்தைப் பந்தயத்தில் ஓடியிருக்கக் கூடாதா மனுஷன்!