கொக்கோக் கறை

பெனினாவுக்கு வெள்ளைத் துணியில் கறை ஆகவே ஆகாது. சவாயித் தீவில் எங்கள் ஊர்க் கோயில் பாடகர் குழுவுக்குப் பதினெட்டு வருஷமாகச் சட்டை தைப்பவள் அவள்தான். டிவிக்காரர்கள் நவம்பரிலேயே ஊர் ஊராக வந்து பாட்டைப் படம் பிடித்துப் போவார்கள். கிறிஸ்துமஸ் சாயங்காலம் காட்டுவார்கள். அன்றைக்குப் பாட்டை யார் கேட்கிறார்கள்? எந்த ஊர்க்காரன் சட்டை கசங்கியிருக்கிறது என்றுதான் தீவே உற்றுப் பார்க்கும்.

இந்த நவம்பரில் அவள் புருஷன் சியோசி கொக்கோ குடித்துவிட்டு, நெஞ்சில் கறையோடு வந்து முன்வரிசையில் நின்றார்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? ஊர் மானமே போகுது! மத்தாயோவுக்குப் பின்னாடி போய் நில்லுங்க."

"வாய்தானே பாடுது, சட்டையா பாடுது?" என்று சிரித்துக்கொண்டே போனார். முன்வரிசைப் பாடகன் மத்தாயோ வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. பாட்டிலும் சியோசி வழக்கம்போல எல்லாருக்கும் அரைத்தாளம் பிந்தித்தான் முடித்தார். அதற்கும் பெனினா வழியெல்லாம் திட்டினாள்.

படம் பிடித்துப் போன மூன்றாம் வாரம், மீன் பிடிக்கப் போன இடத்தில் சியோசிக்கு நெஞ்சுவலி. படகில் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

போதகரின் மனைவி வந்து பெனினாவிடம் பக்குவமாகப் பேசினாள். "பண்டிகையும் அதுவுமா ஊரே அழவேணாம்மா. நம்ம பாட்டை இந்த வருஷம் போடவேணாம்னு டிவிக்காரங்ககிட்ட சொல்லிடுறோம்."

"சொன்னீங்கன்னா நான் இந்தக் கோயில் படி ஏறமாட்டேன். போட்டோவுல அசையாம இருக்காரு. அவரு பாடுற முகத்தை நான் ஒரு தடவை பாக்கணும்."

என்னிடம் மட்டும் தனியாகக் கேட்டாள். "நான்தாண்டி பின்னாடி தள்ளினேன். கேமரா ஒரு தடவையாவது அவரு பக்கம் போயிருக்கும்ல?"

"போயிருக்கும்டி" என்றேன். அவருக்குப் பக்கத்தில் நின்று பாடியவள் நான். போகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை நினைத்தால் என்மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் கோயில் கூடத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்தது. சட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேமரா முன்வரிசையில் ஒவ்வொரு முகமாக நின்று நின்று போனது. மத்தாயோவை இரண்டு தடவை காட்டியது. அவன் தோளுக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. பெனினாவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. மத்தாயோ தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவு பெரிய உடம்புக்காக அவன் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

பாட்டு முடிந்தது. எல்லாரும் நிறுத்திய பிறகு, ஒரு கட்டைக் குரல் மட்டும் தனியாக அரைத்தாளம் இழுத்து ஓய்ந்தது.

பெனினா எழுந்து போய் டிவியின் மேல் கையை வைத்தாள். அதில் அடுத்த ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"முன்னாடி வாங்க" என்றாள். "சட்டை நல்லாத்தான் இருக்கு. முன்னாடி வந்து நில்லுங்க."