கையில் கொடுத்த கத்தி

பம்மலின் பழைய ஆட்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பிறக்கும் குழந்தையின் மூக்குக்கு முதலில் எட்டுவது தோல் பதனிடும் ஷாப்பின் வாடைதான். எங்கள் அண்ணனும் அந்த வாடையில் பிறந்து வளர்ந்து, அதே பம்மலில், அதே வீட்டில் கர்த்தருக்குள் கண் மூடினார். ஓர் ஆண்டு ஓடிவிட்டது. நினைவு ஆராதனைக்கு வருகிறவர்களிடம் கொடுக்க, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். நல்லதை மட்டும் எழுதினால் அது அண்ணனாக இருக்காது. அந்தக் கத்தியைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன். இதைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அதைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள்தானே.

அப்பா தோல் ஷாப்பில் மேஸ்திரி. பிள்ளைகள் நாங்கள் மூவர்: அண்ணன், நான், தம்பி. அப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியதும், தம்பி சைக்கிள் பழகியபோது பின்னால் மூச்சிரைக்க ஓடியதும் அவர்தான். பிறகு ஒரு கம்பெனியில் ஃபிட்டராகி, அங்கேயே ஓய்வு பெற்றார். குடி இல்லை, பீடி இல்லை, ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. கோபம் மட்டும் உண்டு. கத்தித் தீர்க்கிற கோபம் அல்ல, வாயை மூடிக்கொள்கிற கோபம். வீட்டில் எல்லோரும் பயந்தது அதற்குத்தான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. கத்தியோ அரிவாளோ யாரிடமும் கையில் கொடுக்க மாட்டார். கையில் கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்று அம்மா சொல்லி வளர்த்தது. தரையிலோ மேசையிலோ வைப்பார். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். போதகர் கேலி செய்தும் மாறவில்லை. கல்யாண வீட்டில் கேக் வெட்டும் கத்தியை மாப்பிள்ளை கையில் யாரோ கொடுக்கப் போக, "கீழ வை!" என்று மேடையிலேயே அதட்டியவர் அவர். மாப்பிள்ளை மிரண்டு போனதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அம்மா போனதும் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். நடுச்சுவர் ஒரு சாண் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. அப்பாவின் முதலாளி எப்போதோ கொடுத்த ஒரு ஜோடி மான் கொம்பு கூடத்தில் பலகையோடு தொங்கும். (அதற்கான வனத்துறைச் சான்றிதழ் அப்பா காலத்திலேயே வாங்கியது. அறுத்தது சட்டப்படி சரியா என்று வக்கீல் மருமகன்கள் என்னைக் குடைய வேண்டாம்.) தம்பி ஆத்திரத்தில் அந்தப் பலகையை நடுவில் ரம்பத்தால் அறுத்து, ஒரு கொம்பை அண்ணன் வாசலில் வீசினான்.

"ஆளுக்கு ஒரு கொம்பு. அவ்ளோதான், தீந்துச்சி."

அண்ணன் கொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அத்தோடு பேச்சு நின்றது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வருடக்கணக்கில் இருந்தார்கள். ஒரே கோயிலில் வேறு வேறு பெஞ்சு. தம்பி மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார், ஆசீர்வதித்தார், தம்பியைப் பார்க்காமலே இலையில் உட்கார்ந்து எழுந்து போனார். சேலையூரில் என் வீட்டில் உட்கார்ந்து நான் அழாத பண்டிகை இல்லை.

போன வருடக் கோடையில் தம்பி மனைவி போன் செய்தாள்.

"அக்கா, பெரியவரு கத்தி செய்றாரு. நாள் பூரா தேய்ச்சிகினே கீறாரு. சவுண்டு சுவத்துல இறங்குது. எனுக்கு பயமா கீதுக்கா."

ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். தெருமுனையிலேயே முடி கருகும் நாற்றம். பின்கட்டில் அண்ணன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தக் கொம்பை அறுத்துக்கொண்டிருந்தார்; நாற்றம் அதில்தான். வெள்ளைத் தூள் அவர் புருவத்திலும் தலையிலும் படிந்திருந்தது. தெரு நாய்கள் வாசலில் கூடி உள்ளே வராமல் முனகிக்கொண்டிருந்தன.

"இன்னாத்துக்குண்ணா கத்தி?"

"வேணும்."

"யாருக்கு?"

துண்டுக்கு மேலே தெரிந்த கண்கள் நடுச்சுவர் பக்கம் திரும்பின. "அவனுக்குத்தான்."

கொலை என்ற சொல்லை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். என் கூடப் பிறந்தவரைப் பற்றி அப்படி நினைத்ததற்குக் கர்த்தரிடம் மன்னிப்பும் கேட்டேன். அண்ணியிடம் கேட்டால், "என்கிட்டயும் வாயத் தொறக்கல பாப்பா" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவசரமே இல்லாமல் செய்தார். பழைய பெரிய அரம் ஒன்றைக் கரியில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். இளகிய இரும்பைக் கத்தியாகத் தேய்த்தார். மறுபடி சிவக்க வைத்து எண்ணெயில் முக்கியபோது சீறிய சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி ஜெபம் சொன்னாளாம். அப்படி முக்கியெடுத்த இரும்பு கண்ணாடி மாதிரி உடையுமாம். அதைப் பதப்படுத்த, அண்ணி கிறிஸ்துமஸ் கேக் சுடும் ஓவனில் வைத்து, இரும்பில் வைக்கோல் நிறம் வரும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கொம்பின் நடுவில் துளை போட்டு, கத்தியின் வாலை அதில் இறக்கிப் பசையால் இறுக்கினார். இடையிடையே இருமினார். அப்பாவின் இருமல் அது. தூள்தான் காரணம் என்று நாங்கள் நம்பினோம். தம்பியைக் கொஞ்ச நாள் வெளியூர் போய் இருக்கச் சொன்னேன். "என் வூட்ட வுட்டு நான் ஏன் போவணும்?" என்றான்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய நேரம். நான் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து துண்டில் சுற்றியதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் அண்ணியும் போட்டது போட்டபடி ஓடினோம். தம்பி வீட்டு வாசலில் போய் நின்று, "வெளிய வா" என்றார். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. தம்பி மனைவி அலறினாள். எதிர்வீட்டார் வெளியே வந்தார்கள். தம்பி வந்து நின்றான். பயந்திருந்தான், ஆனால் வந்து நின்றான்.

அண்ணன் துண்டைப் பிரித்தார். அலகைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, கொம்புப் பிடியைத் தம்பி பக்கம் நீட்டினார்.

"புடி."

தம்பி மனைவிதான் கத்தினாள். "கையில வாங்காதீங்க! சண்டை வரும்!"

"வரட்டும்" என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "அம்மா சொன்ன மாதிரியே வரட்டும். கையிலதான் குடுப்பேன். எத்தினி வருசமா சுவத்துக்கு அந்தாண்ட நீ தொண்டையச் செருமுறதக் கேட்டுகினு படுத்துகினு கீறேன்டா. சண்ட போடவாவது பேசுவ இல்ல? திட்டுடா!"

தம்பி பிடியைப் பார்த்தான். தான் வீசிய கொம்பு என்று தெரிந்துவிட்டது. கையில் வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"புடி கோணலா கீது."

"கொம்பே கோணல்தான்டா! அறுத்தவன் யாரு?"

அங்கே தொடங்கியது. தெருவே பார்க்க, நடுச்சுவரிலிருந்து சைக்கிள்வரை எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள். அன்று மதியம் இருவரும் ஒரே மேசையில் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் சோற்றில் கண்ணீரை விட்டுப் பிசைந்தேன்.

அடுத்த வாரம் அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் தெரிந்தது. கொம்பில் ரம்பம் வைப்பதற்கு முன்பே நுரையீரல் கெட்டுப்போயிருப்பதை மருத்துவர் அவரிடம் சொல்லியிருந்தார். தூசு தூளில் உட்காரக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். தம்பி தினமும் போய்க் கட்டிலருகில் கத்தினான். "தெரிஞ்சிகினே ஏன்டா சொல்லல?" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அண்ணன் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் சிரித்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் அமைதியாகப் போனார். தம்பி இன்னும் அதே கேள்வியை நடுச்சுவரைப் பார்த்துக் கேட்கிறான்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், கல்லறைவரை தோள் கொடுத்த தெருவாருக்கும், அன்று அலறல் கேட்டும் போலீஸைக் கூப்பிடாத எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. ஆராதனை முடிந்ததும் சாப்பிடாமல் போகாதீர்கள். கேக் வெட்டுவது தம்பி, அந்தக் கத்தியால்தான். உங்களில் யார் யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் சொல்லிவிட்டேன். கத்தியை உங்கள் கையில்தான் கொடுப்பான். வாங்கிக்கொள்ளுங்கள்.