பாதி வரைந்த கட்டத்தாள்

ஒரு நெசவாளர் வரைந்த அட்டவணையை எடுத்து என் பெயரில் அச்சிட்டேன். பிறகு அவர்தான் என் புத்தகத்தைப் பார்த்து வரைந்தார் என்று பிறர் சொன்னபோது மறுக்கவில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். மாலையில், ஓர் அரிசி மில்லின் பின்னறையில், பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்தேன். கடைக்காரர்களும் மில் குமாஸ்தாக்களும் வந்தார்கள். நெசவாளர் ஒருவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; பட்டுச் சேலையின் கரைக்கு டிசைன் போடுவதில் கைதேர்ந்தவர். அவருடைய நெசவாளர் சங்கம் டெல்லிக் கைத்தறிக் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் தன் ஆட்களோடு நெசவாளர் ஒருவரை அனுப்பும். இங்கிலீஷ் தெரிந்தவர்தான் போகலாம். தான் போட்ட கரையை யார் கட்டுகிறார்கள் என்று ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பார். அதற்காகத்தான் வந்தார்.

கேன், மே, மஸ்ட், வில் என்ற சொற்களை நான் பட்டியலாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். யாருக்கும் பிடிபடவில்லை. 'ஹீ கேன்ஸ்' என்றார் ஒருவர். மறுவாரம் நெசவாளர், கரைக்கு டிசைன் வரையும் கட்டத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார்.

"இன்னாங்க இது, கரையா முந்தானையா?" என்றார் ஒரு கடைக்காரர்.

"சாரோட பாடம். தறியில ஏத்தினா இங்கிலீஷ் பேசற பொடவ வரும்."

"எங்க வூட்டுக்கு வேணாம்ப்பா. தமிழ்ல பேசறதே தாங்கல."

சிரிப்பு அடங்கியதும் நெசவாளர் விளக்கினார். ஓரக் கட்டங்களில் வித் யூ, ஃபார் ஹிம் போன்றவை. அடுத்து சிவப்பில் ஐ, யூ, ஹீ, ஷீ. அதை அடுத்துப் பச்சையில் கேன், மே, மஸ்ட். "ஆளு யாரு வந்தாலும் கேன் மாற மாட்டேங்குது சார். அதான் பச்ச ஒரே மாதிரி போய்க்கினே இருக்குது" என்றார். அன்று கடைக்காரர்கள்கூடத் தப்பில்லாமல் சொன்னார்கள்.

நான் ஒரு வருடமாக இங்கிலீஷ் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதில் இந்தத் தாளைப் போலத் தெளிவாக ஒரு பக்கம்கூட இல்லை. இரண்டு நாள் வைத்திருந்து தருகிறேன் என்று வாங்கினேன். சந்தோஷமாகக் கொடுத்தார். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அந்த அட்டவணையோடு கையேடு அச்சாகி வந்தது. அட்டையில் என் பெயர் மட்டும். அவரிடம் சொல்லவில்லை.

அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. சங்கக் கூட்டம் அன்றுதான். டெல்லிக்குப் போக ஆள் எடுக்கும் கூட்டத்துக்கு, இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நெசவாளர் தன் இங்கிலீஷுக்குச் சான்றாகத் தாளை விரித்து, தானே யோசித்தது என்றார். சங்கச் செயலாளர் என் கையேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது சார் புக்குல இருக்குதே. பாத்து வரைஞ்சிகினு வந்து நானே யோசிச்சேன்றியே."

"சார் இங்கதான கீறாரு. கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான்" என்றேன். பாதி உண்மை என்பதால் சுலபமாக வந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறொருவர் டெல்லிக்குப் போனார். நெசவாளர் அதன்பின் வகுப்புக்கு வரவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து, கையேட்டை மூன்றாவது முறை அச்சிட வேண்டிவந்தது. அச்சகத்தார் கொடுத்த தாள்களில் அந்தப் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தவன், திருத்தாமல் எழுந்து அதை எடுத்துக்கொண்டு நெசவாளர் வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்தார். கரையில் நெய்துகொண்டிருந்த பூ முடியும்வரை நிமிரவில்லை. பிறகு பக்கத்தை வாங்கிப் பார்த்தார்.

"பாதிதான் போட்டிருக்கீங்க" என்றார்.

"என்ன பாதி?"

"கரைக்குப் பாதிதான் வரைவோம் சார். மீதிய தறி திருப்பிப் போட்டுக்கும். இது பச்சையோட நிக்குது பாருங்க." விரலால் இடமிருந்து வலமாகத் தடவினார். "வித் யூ, ஐ, கேன். இது சொல்றது. திருப்பினா கேன், ஐ, வித் யூ. நடுவுல கம், கோன்னு எதையாவது சொருவிக்கோங்க. கேன் ஐ கம் வித் யூ? அது கேக்கறது."

ஆரணியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. கண்டதை முழுசு என்று நினைத்து அச்சிட்டிருக்கிறேன். என் கையேட்டைப் படித்தவர்கள் இத்தனை வருடமும் அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல மட்டும் கற்றார்கள், கேள்வி கேட்கக் கற்கவில்லை.

"அன்றைக்குக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தால் உங்களுடையது என்று நம்பியிருப்பார்களே" என்றேன்.

"சொல்லத்தான் இருந்தேன். நீங்க பேசினப்புறம் சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

புதிய பதிப்பில் உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றேன். "புக்குல இன்னா வேணா போட்டுக்கோங்க. கூட்டத்துல சொன்னத கூட்டத்துல வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பினார்.

அடுத்த அமாவாசையன்று போனேன். அட்டவணை அவருடையது, எடுத்தவன் நான் என்று எழுதிக் கொண்டுபோனதை நின்றுகொண்டே வாசித்தேன். முடித்ததும் ஒரு முதியவர் மட்டும், "இத்தினி வருசம் இன்னா சார் பண்ணிகினு இருந்தீங்க?" என்று கேட்டார். கையேட்டில் முழுப் படத்தையும் போட்டு, அதன் கீழே அவர் பெயரை அச்சிட்டேன்.

அந்த வருடம் அவரை டெல்லிக்கு அனுப்பினார்கள். கூடப் போன சங்கத்துக்காரர் சொன்னார்: கண்காட்சியில் சங்கத்தின் கடைமுன் நின்ற ஓர் அம்மாளிடம், "மே ஐ ஷோ யூ?" என்று கேட்டாராம். அந்த அம்மாள் தேடித்தேடி எடுத்தது அவர் போட்ட கரைதானாம்.

புதிய பதிப்பில் ஒரு பிரதியை ஆள் மூலம் அனுப்பினேன். வாங்கி வைத்துக்கொண்டார். பிறகொரு நாள் வேலூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். வணக்கம் சொன்னேன். தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணமங்கலத்தில் இறங்கிப் போனார்.