நடுத்தெருவில் முதல் வீடு எது?

ஆவணி மாதம் எங்கள் தெருவில் ஒரு சரித்திர மாநாடு நடந்தது. பந்தல் கிடையாது, மைக் கிடையாது. ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல்தான் மேடை. வராதவர்களில் ஒருவனாக இருந்துவிடலாம் என்று பார்த்தேன். விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் நடுத்தெருவைப் பற்றி முன்பே கொஞ்சம் எழுதியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு பஸ்ஸில் இருபது நிமிஷம். தெருமுனையில் என் ஜெராக்ஸ் கடை. உள்ளே வந்தால் முதலில் நெல் வயல்காரர்களின் ஓட்டு வீடுகள். அடுத்து, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடக் கட்டிய மாடி போர்ஷன்கள் — ஒடிசா பையன்களின் சட்டைகள் எப்போதும் கொடியில் ஆடிக்கொண்டிருக்கும். அதையும் தாண்டி, தெரு லேசாக வளையும் இடத்தில் மூன்று சின்ன வீடுகள். ஒரு காலத்தில் அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களின் வீடுகள். இப்போது அவர்களும் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். கடைசி வீடு செல்வி அக்காவுடையது. அதற்கப்புறம் வாய்க்கால்.

சிமென்ட் ரோடு வருகிறது என்றதும் தெருவே குஷியானது. கூடவே இன்னொரு செய்தி... தெருமுனையில் பெயர்ப் பலகை வைக்கிறார்களாம். அதில் தெருவின் வரலாறு நான்கு வரி வேண்டுமாம்.

யார் எழுதுவது? பத்திரிகையில் எழுதுகிறவன் ஒருவன் தெருவிலேயே கடை வைத்திருக்கும்போது வெளியூரிலிருந்தா ஆள் வரும்? எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால்தான் வராது.

முதல் வரியிலேயே சண்டை. தெருவின் முதல் வீடு எது?

"இதுல கேக்கறதுக்கு இன்னாபா கீது? எங்க ஊடுதான்" என்றார் கோதண்டம் அண்ணன். பெரிய ஓட்டு வீட்டுக்காரர். "எங்க தாத்தா வந்து குந்துனப்ப இங்க வெறும் முள்ளுக்காடு."

"முள்ளுக்காட்டுல உங்க தாத்தாவுக்குத் தண்ணி யாரு குடுத்தா?" என்றார் எதிர்வீட்டு முனிரத்தினம். "எங்க கெணத்துலதான மொண்டுக்கினு போனாரு? மொதல்ல கெணறு. அப்புறந்தான் உங்க தாத்தா!"

இருவரும் மாமன் மச்சான் முறை. அதனால் சண்டைக்குத் தனியாகக் காரணம் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து செல்வி அக்கா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் ஐ.டி. கார்டோடு வந்தார். நேராக, ரோடு அளக்க டேப்போடு வந்து நின்றிருந்த ஓவர்சியரிடம் போனார்.

"சார், ரோடு எங்க வரிக்கும் வருது?"

ஓவர்சியர் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். "மாடி போர்ஷன் வரைக்கும்மா. அதோட நடுத்தெரு முடியுது."

"அப்ப நாங்க எந்தத் தெரு?"

"பேப்பர்ல இல்லியேம்மா..."

"சார், இப்பவே மழை பேஞ்சா கட்டில் மேல முழிச்சிக்கினு குந்தினுகிறோம். நீங்க ரோட்ட ஒசத்திட்டு அங்கியே நிறுத்தினா, தெருத் தண்ணி மொத்தமும் என் ஊட்டுக்குள்ளதான் பூரும். இன்னும் அம்பதடி போட்டா வாய்க்கால்ல போயி உழுந்துடும் சார்."

"இரும்மா செல்வி" என்று குறுக்கிட்டார் கோதண்டம். "சரித்திரம் பேசிக்கினு இருக்கறோம். தண்ணி கதைய அப்புறம் பாத்துக்கலாம்."

கிணற்றுத் தண்ணீருக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. மழைத் தண்ணீருக்குக் கிடையாது போலிருக்கிறது!

பிறகு கோதண்டம் தன் அஸ்திரத்தை எடுத்தார். "வாய்ப்பேச்சு வாணாம் மச்சான். கரண்ட் கார்டை எடு. எந்த ஊட்டுக்கு மொதல்ல கரண்ட் வந்துச்சோ, அதோட நம்பர்தான் சின்னது. எங்க ஊட்டு நம்பர் ஆறு. உன்னுது?"

முனிரத்தினம் கார்டு வந்தது. பதினொன்று. வரிசைப்படிதான் நம்பர் கொடுத்திருப்பார்கள் என்று ஓவர்சியரும் தலையாட்டினார்.

"எழுதிக்கபா!" என்றார் கோதண்டம் என்னிடம். "மொத ஊடு, கோதண்டம் ஊடு."

என் பேனா நகரவில்லை. ஏன் தெரியுமா? ஜெராக்ஸ் கடைக்காரன் கண்ணுக்குத் தப்பும் காகிதம் ஊரில் எது? சில மாதம் முன்பு செல்வி அக்கா கேஸ் கனெக்‌ஷனுக்காக ஒரு பழைய கரண்ட் கார்டை நகல் எடுக்க வந்தார். நம்பர் அவ்வளவு சின்னதாக இருந்ததால், மிச்சம் கிழிந்துவிட்டதோ என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சொல்ல வேண்டும்.   கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தேன்; நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று பேனாவை மூடினேன்.

கடைசியில் பக்கத்தில் நின்ற செல்வி அக்காவிடம் மட்டும் குனிந்து, "அக்கா... உங்க பழைய கரண்ட் கார்டு?" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நொடி, ஓட்டம்!

பிளாஸ்டிக் கவரோடு திரும்பி வந்தார். ஓவர்சியர் வாங்கிச் சத்தமாகப் படித்தார். "நம்பர் ரெண்டு... நடுத்தெரு."

"ஒண்ணு யாருது?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரு வெளக்குக்கு" என்றார் செல்வி அக்கா. "கம்பம் வாய்க்கா பக்கமிருந்துதான் வந்துச்சாம். எங்க மாமனார் சொல்லுவாரு. எங்க ஊட்டாண்டதான் கம்பத்தையெல்லாம் போட்டு வெச்சிருந்தாங்களாம். எங்களுக்கு ஒத்த பல்பு குடுத்தாங்க. பெரிய ஊட்டுக்காரங்க, கரண்டு வந்தா கூரை பத்திக்கும்னு மொதல்ல வாணான்னுட்டாங்களாம்."

தெருவே சிரித்தது. கோதண்டம் மட்டும் சிரிக்கவில்லை. அதிகமாகச் சிரித்தவர் முனிரத்தினம்.

"மச்சான், ஒரு முடிவு சொல்லு. கார்டுல நடுத்தெருன்னு கீது. சார் பேப்பர்ல அந்த ஊடே இல்ல. அப்ப கார்டு பொய்யா? செல்வி கார்டு பொய்யின்னா உன் ஆறும் பொய்யி. வா, கெணத்துக்கே போயிடலாம்!"

கோதண்டம் யோசித்தார். ஒரு மனிதர் அவ்வளவு ஆழமாக யோசித்து நான் பார்த்ததில்லை. கார்டு செல்லாது என்றால் கிணறு ஜெயிக்கும். கார்டு செல்லும் என்றால் செல்விக்கு அடுத்த இடம்தான். ஆனால் மச்சானுக்கு முன்னால்!

"எவன்யா சொன்னது, அது நம்ம தெரு இல்லன்னு?" என்று ஓவர்சியர் பக்கம் பாய்ந்தார். "கார்டுல போட்டுக்கீது, கண்ணு தெரில? தெரு ஆரம்பமே அங்கதான்யா! ஆரம்பத்தை உட்டுட்டு ரோடு போடுவியா நீ?"

"மேல கேக்கணும் சார்..."

"கேளு. நானும் கூட வரேன்."

சொன்னபடி போனார். ஒரு முறையல்ல, மூன்று முறை. செல்வி அக்காவின் கார்டு நகலை என் கடையில்தான் எடுத்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ தன் வீட்டுப் பத்திரம் மாதிரி மடிக்காமல் கொண்டுபோனார். புரட்டாசி முடிவதற்குள் சிமென்ட் ரோடும் பக்கக் கால்வாயும் வளைவைத் தாண்டி, வாய்க்கால் வரை போய்ச் சேர்ந்தன.

எனக்கு ஒன்று புரிந்தது. நிலமும் வீடும் உள்ளவர்களை 'நீ யார், எந்தத் தெரு' என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அதனால் அவர்களின் வரலாறு வாய்ப்பேச்சிலேயே ஓடிவிடுகிறது. செல்வி அக்கா மாதிரி ஆட்களை ஒவ்வொரு ஆபீஸ் கவுன்டரிலும் கேட்கிறார்கள். அதனால்தான் ஒரு துண்டுச் சீட்டைக்கூட அவர்கள் தூக்கிப் போடுவதில்லை. என் கடைக்கு வரும் மிகப் பழைய காகிதங்கள் எல்லாம் மிகச் சின்ன வீடுகளிலிருந்துதான் வருகின்றன.

ஐப்பசியில் முதல் பெரிய மழை கொட்டியது. மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது, செல்வி அக்கா கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தார். கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டேன்.

"என்னக்கா, மழை பலமா இருந்துச்சே?"

"பேஞ்சுதா இன்னா?" என்றார் அவர். "எனக்குத் தெரியாது தம்பி. தூங்கிட்டேன்."